நான்கு சதவீதம் தாழை

இருபத்து மூன்றாம் டோக்கனை மேடையிலிருந்து கூப்பிட்டார்கள். முப்பத்தொன்றோடு பொதுமக்கள் முடிந்துவிடுவார்கள், அதற்குப் பிறகு ஆய்வாளர் விளக்கம், அதாவது அவள். இன்னும் எட்டுப் பேர். எட்டா ஒன்பதா என்று மங்கையர்க்கரசி மடிக்குள் விரலை மடக்கி எண்ணினாள். எண்ணுவதுதான் அவளுக்குச் சோறு போடும் தொழில். எண்ணிய லட்சணத்தால்தான் இன்றைக்கு இங்கே உட்கார்ந்திருக்கிறாள். எட்டுதான் என்று உறுதியான பிறகும் நம்பிக்கை வராமல் மறுபடி எண்ணினாள். தோப்புமுனைக்கு இருப்பது இந்த ஒரே கல்யாண மண்டபம். நேற்று யாருக்கோ வரவேற்பு நடந்திருக்கிறது, பின்திரையில் மணமக்கள் பெயரைப் பிய்த்த இடத்தில் தெர்மாக்கோல் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன, அதன் கீழே அதிகாரி, அவருக்கு இரண்டு பக்கமும் கோப்புகள், மேசையின் முன்னால் ஒரு பேனர்: தோப்புமுனை மிதவை நகரம், இரண்டாம் கட்டம், பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். பேனரில் கடல் நீலமாக இருந்தது. அப்படியொரு நீலம் இந்தக் கடலில் ஒருநாளும் இருந்ததில்லை. இரண்டாம் கட்டத்துக்கு நாற்பது மேடைகள், ஒவ்வொன்றும் ஒரு கால்பந்து மைதானம் அளவு. முதல் கட்டத்தின் மூன்று மேடைகள் ஓட்டலும் கடைகளும் படகுத்துறையுமாக இரண்டு வருஷமாக மிதந்துகொண்டிருக்கின்றன, அந்த மூன்றுக்கும் கீழே என்ன ஆகியிருக்கிறது என்று போன வாரம் அவள் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தாள். பார்க்காமலே இருந்திருக்கலாம். இல்லை, அது பேச்சில்லை, முதல் தடவையே ஒழுங்காகப் பார்த்திருக்கலாம். இருபத்து மூன்றாம் ஆள் வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், கம்பெனி கொடுத்த எலுமிச்சைச் சாதப் பொட்டலம் அவர் கையிலேயே இருந்தது.

பக்கத்து நாற்காலியில் வரதராசன் சார் கால்மேல் கால் போட்டிருந்தார். அவளுடைய ஆய்வு நிறுவனத்தின் மேலாளர், நல்ல மனிதர் என்றே சொல்லவேண்டும், மூன்று வருஷத்தில் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தியதில்லை. காலையில் காரில் வரும்போதும் தன்மையாகத்தான் சொன்னார், "கேட்டா பதில் சொல்லுங்க, கேக்காட்டி சொல்லாதீங்கம்மா. பழைய ரிப்போர்ட்டுல என்ன இருக்கோ அதையே படிங்க, போதும்." பழைய ரிப்போர்ட்டில் இருப்பது ஒரே ஒரு எண், நான்கு. தோப்புமுனை வளைகுடாவின் அடித்தரையில் கடற்புல்லின் பரப்பு நான்கு சதவீதம். கடலடியில் முளைக்கிற அந்தப் புல்லை இங்கே தாழை என்பார்கள். மேடை மிதக்கத்தானே செய்கிறது, மண் கொட்டவில்லை, தூண் ஊன்றவில்லை, கடலுக்கு ஒரு கீறலும் விழாது என்று கம்பெனிக்காரர்கள் ஊர் ஊராகப் போய்ச் சொன்னார்கள். கீறல் விழாது, வாஸ்தவம். வெயில்தான் விழாது. வெயில் விழாத இடத்தில் புல் எப்படி முளைக்கும் என்று கேட்டவர்களுக்கு, புல்லே நாலு சதவீதம்தானே ஐயா என்று பதில் தயாராக இருந்தது, அந்தப் பதிலை அவர்கள் கையில் எடுத்துக் கொடுத்தவள் அருப்புக்கோட்டைக்காரி, நிழலைக் கண்டால் கும்பிடுகிற ஊரில் பிறந்தவள். சித்திரை வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அம்மா அவளை இழுத்து விளக்குக் கம்பத்தின் நிழலில் நிறுத்துவாள், அந்தக் கம்பத்தின் நிழல் ஒரு சாண் அகலம்கூட இருக்காது, ஒரு சாணாவது கிடைத்ததே என்று அம்மா அதற்கும் சந்தோஷப்படுவாள். நிழல் கொல்லும் என்று அம்மாவிடம் சொன்னால் சிரிப்பாள். இருபத்து நான்கு என்று கூப்பிட்டார்கள்.

கொன்றிருந்தது. போன வாரம் நடு மேடைக்குக் கீழே இறங்கியபோது முதலில் அவளுக்குக் கண்ணில் ஏதோ கோளாறு என்றுதான் தோன்றியது, நண்பகல் பன்னிரண்டு மணிக்குக் கதவைச் சாத்தியதுபோல் இருட்டு, நாலு ஆள் ஆழம்கூட இல்லை, டார்ச்சை அடித்தால் அடித்தரை முழுக்கப் பழுப்பாகச் சாய்ந்து கிடந்தது, தொட்டதும் கூழாகக் கையோடு வந்தது. அதற்கடியில் கறுத்த சேறு. கூமுட்டை நாற்றம் தண்ணீருக்குள் தெரியாது என்பார்கள், மேலே வந்து முகமூடியைக் கழற்றியபோது அவள் கையுறையில் அது இருந்தது. மேடையைக் கட்டி நிறுத்தியிருக்கும் சங்கிலிகள் நீரோட்டத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டு புரண்டு தரையை வட்டம் வட்டமாகச் செதுக்கி வைத்திருந்தன. ஒரு நண்டு இல்லை. ஒரு குஞ்சு மீன் இல்லை. ஆனால் அவளை உலுக்கியது அதுவல்ல, செத்துக் கிடந்ததன் அளவு. அழுகின வேர்ப்பின்னல் கை நீட்டிய இடமெல்லாம் இருந்தது, மேடையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நீந்திப் பார்த்தாள், எங்கேயும் விட்டுப்போகவில்லை. நான்கு சதவீதம் இருந்த இடத்தில் எப்படி இத்தனை பிணம்? இருந்திருக்கிறது. எழுபதோ எண்பதோ இருந்திருக்கிறது, தான் எண்ணிவிட்டுப் போன இதே இடத்தில். வெளிச்சத்துக்கு வந்தபோது சிலிண்டரில் காற்று பாதிக்குமேல் இருந்தும் அவளுக்கு மூச்சு முட்டியது. இப்போது மண்டபத்தில் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்தாள், மூடினாள், குடித்தோமா இல்லையா என்று நினைவில்லாமல் மறுபடி திறந்தாள்.

இருபத்தைந்தாம் டோக்கன் ஒரு பெண், நண்டு உடைக்கும் கம்பெனியில் வேலை பார்த்தவள், இப்போது நண்டு வரத்து இல்லாமல் கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள் என்று சொல்ல ஆரம்பித்தவளுக்கு நடுவிலேயே குரல் உடைந்துவிட்டது. அதிகாரி மரியாதையாக, சொல்லுங்கம்மா, பரவாயில்லை, என்றார். அரசி தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்க்கவேண்டாம் என்று குனிந்தவள் அடுத்த நிமிஷமே நிமிர்ந்து பார்த்தது ஆண்கள் வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த சூசைராயனை. வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார், கையில் டோக்கன் சீட்டை நான்காக மடித்து வைத்திருந்தார், இவள் பார்ப்பதைப் பார்த்ததும் லேசாகத் தலையை அசைத்தார். அவருடைய படகில்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் முதல் ஆய்வுக்குப் போனாள், போன வாரமும் அவர்தான். ஆரம்பத்தில் மேடம் என்றார், இரண்டாம் நாள் அவர் மனைவி பிலோமி கொடுத்தனுப்பிய கணவாய்த் தொக்கை இவள் மூன்று தடவை கேட்டு வாங்கித் தின்ற பிறகு தங்கச்சி ஆகிவிட்டாள். போன வாரம் மேலே வந்து படகின் ஓரத்தைப் பிடித்து வாந்தி எடுத்தவளிடம் எலுமிச்சம்பழத்தை நீட்டி, மோந்துக்கங்க தங்கச்சி, மேல்காத்து ஒத்துக்கல போல, என்றார். அப்புறம் அடுத்த இடத்துக்குப் போனார்கள், மேடை இல்லாத இடம், இரண்டாம் கட்டத்துக்குக் குறித்திருக்கும் இடம். அங்கே அவர் உடனே நிறுத்தாமல் படகைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார். அவளுக்கு எரிச்சல் வந்தது, ஏண்ணே சும்மா சுத்துறீங்க என்று கேட்டாள். "வெள்ளை தேடுறேன்" என்றார்.

வெள்ளை என்றால் மணல். மேலிருந்து பார்த்தால் மணல் திட்டு வெளிறித் தெரியும், தாழை கருப்பாகத் தெரியும். "கருப்புல நங்கூரம் போடமாட்டோம் தங்கச்சி. பிடுங்கிக்கிட்டு வந்துரும்ல. கணவாய் முட்டை ஒட்டிருக்கும், நண்டுக் குஞ்சு கெடக்கும். எங்கய்யா காலத்துலருந்து வெள்ளை பாத்துத்தான் போடுறது." எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார், வீட்டுக்குள் செருப்போடு போகமாட்டோம் என்று சொல்வதுபோல. அன்னைக்கும் அப்படித்தான் போட்டீங்களா, மூணு வருஷத்துக்கு முந்தி, என்று இவள் கேட்ட குரல் இவளுக்கே கேட்கவில்லை. "என்னைக்கும் அப்படித்தான்" என்றார், சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை, பாவி மனிதர், இவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருக்கிறார், புல்லைப் பற்றிப் படித்தவளாயிற்றே. ஏழு இடம். ஏழு இடத்திலும் அவர் தேடித் தேடி வெள்ளையில் நங்கூரம் போட்டார், ஏழு இடத்திலும் இவள் அந்த நங்கூரத்தைச் சுற்றி நாலு தடவை சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து உள்ளே முளைத்ததை எண்ணினாள், இருபத்தெட்டுச் சட்டத்துக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலு தாள் புல். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொல்லித்தான் கல்லூரியில் இந்தக் கணக்கை ஆரம்பித்தார்கள். அவள் பதம் பார்த்தது சோற்றையே இல்லை, பானைக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை. அதன்பிறகு எல்லாம் தானாக நடந்தது. வானத்திலிருந்து எடுத்த படத்தில் கருப்பாகத் தெரிந்ததையெல்லாம் சேறு என்று எழுதிக்கொண்டார்கள், கீழே இறங்கியவளே புல் இல்லை என்கிறாளே, அப்புறம் சேறுதானே. யாரும் அவளுக்கு ஒரு உறை நீட்டவில்லை, யாரும் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தாலாவது இந்நேரம் ஒருவனைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். இருபத்தேழு என்றது மைக், இருபத்தாறு எப்போது போனது என்று தெரியவில்லை.

ஆனால் இதில் ஒரு முடிச்சு இருக்கிறது, நினைப்பு அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் சுற்றிக்கொண்டு வேறு பக்கம் போய்விடுகிறது. நங்கூரம் மணலில் விழுந்தால் என்ன, ஆள் கயிற்றில் கட்டியா கிடக்கிறாள்? குலுக்கல் சீட்டுப்போல எண்களை எடுத்து, இத்தனை அடி கிழக்கு, இத்தனை அடி வடக்கு என்று நீந்திப் போய்ச் சட்டத்தை வைக்கவேண்டும், அதுதான் முறை, அறிக்கையிலும் முறைப்படி தேர்ந்த இடங்களில் என்றுதான் எழுதியிருக்கிறாள், அவள் கையெழுத்து, அவள் வாக்கியம். எத்தனை அடி போனாய் அரசி? போகவில்லை. அன்றைக்குக் கலங்கல், நீட்டிய கை தெரியவில்லை, நீரோட்டம் காலைப் பிடித்து இழுத்தது. இருபத்து நாலு வயதில் கல்லூரிக் குளத்தில் நீச்சல் பழகினவள் அவள், தரை தெரிகிற நீலக் குளத்தில். இடக்கையில் நங்கூரக் கயிறு, வலக்கையில் சட்டம். கை எட்டிய மட்டும் வைத்தாள், எண்ணினாள், வைத்தாள், எண்ணினாள். ஒருமுறை, மூன்றாம் இடத்திலோ நாலாம் இடத்திலோ, கயிற்றை விட்டுவிட்டு ஒரு வீச்சு நீந்தினாள், உடனே மேலும் கீழும் ஒரே நிறமாகிவிட்டது, நெஞ்சுக்குள் யாரோ குதித்தார்கள், திரும்பி வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் நெற்றியை வைத்து அழுதாள், முகமூடிக்குள் அழுதால் துடைக்க முடியாது. அந்த ஒரு வீச்சோடு இன்னும் இரண்டு வீச்சு போட்டிருந்தால் தாழை கையில் பட்டிருக்கும். பயந்தேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம். கடலைப் படித்தேன் என்று சொல்லிக்கொள்கிறவள் கடலுக்குப் பயப்படுகிறாள் என்று தெரிந்தால் என்ன ஆகும், கூட வேலை பார்க்கும் பையன்கள் பஸ் ஸ்டாண்டுவரை சிரித்துக்கொண்டே வருவார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாள், அவள் ஒரு வளைகுடாவையே மறைத்துவிட்டாள், அதுவும் ஒரு வெட்கத்துக்காக.

சொல்லிவிட வேண்டும். சொன்னால் என்ன சொல்வது? அறிக்கை தவறு என்றால் எப்படித் தவறு என்று கேட்பார்கள். படகு மணலில் நின்றது என்பாள். யார் நிறுத்தியது என்பார்கள். மண்டபத்தில் முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், நண்டு இல்லாதவர்கள், கணவாய் இல்லாதவர்கள், மூன்று மேடைக்கே இந்தக் கதி என்றால் நாற்பதுக்கு என்ன என்று வயிறு எரிகிறவர்கள், இவர்கள் காதில் சூசைராயன்தான் கொண்டுபோய் மணலில் நிறுத்தினான் என்று விழுந்தால் போதும். கம்பெனிக்குப் படகு ஓட்டினவன் என்று ஏற்கனவே ஒரு முணுமுணுப்பு இருக்கிறது, பிலோமி போன வாரம் சொன்னாள், கோயில் வாசலில் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்களாம். புல்லைக் காப்பாற்றியதற்காக அந்த மனிதர்மேல் ஊர் காறி உமிழும். அதனால் சொல்லக்கூடாது, என்று அவளுக்கு ஒரு நொடி நெஞ்சு லேசானது, லேசானதை அவளே கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள். பார், எவ்வளவு அழகாக அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாய். நங்கூரம் என்ற சொல்லையே எடுக்காமல் சொல்லலாம், நீந்தவில்லை, பயந்தேன், பொய் எழுதினேன், அவ்வளவுதான், அதில் அவர் எங்கே வருகிறார்? எங்கேயும் வரவில்லை. அப்படியானால் இத்தனை நேரம் உன்னைத் தடுத்தது அவர் இல்லை. சொன்னால் இந்த வேலை போகும், எந்த வேலையும் கிடைக்காது, பத்து வருஷப் படிப்பு அருப்புக்கோட்டைக்குத் திரும்பிப் போய் மாவு மில்லில் உட்காரும், உட்காரட்டும் என்று தைரியமாக நினைத்தாள், அந்தத் தைரியம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. சொல்லாவிட்டால் இன்றே கோப்பு மேலே போகும், நாற்பது மைதானம் நிழல் விழும், அங்கே இன்னும் தாழை உயிரோடு இருக்கிறது, போன வாரம் அதன்மேல்தான் மிதந்தாள், வெயில் பட்டு ஒவ்வொரு தாளும் அசைந்துகொண்டிருந்தது. "வெளியே போய் கொஞ்சம் காத்து வாங்கிட்டு வர்றீங்களா? வேர்க்குதே உங்களுக்கு" என்றார் வரதராசன் சார். அவர் அக்கறையாகத்தான் கேட்டார்.

முப்பத்தொன்று. சூசைராயன் செருப்பை நாற்காலிக்கடியில் கழற்றி வைத்துவிட்டு மைக்குக்கு நடந்தார். அவருக்கு மைக் உயரமாக இருந்தது, ஒருவர் வந்து இறக்கிவைத்தார். "ஐயா, நான் முப்பது வருசமா அந்தத் தண்ணியில ஓடுறேன். அங்க தாழை கெடந்துச்சுங்க. நெறைய கெடந்துச்சு. மேடை வந்தப்புறம் அது இல்ல, நண்டு இல்ல. இன்னும் நாப்பது வேணாங்க." மண்டபம் கைதட்டியது. அரசிக்குக் காது அடைத்தது, சொல்லிவிட்டார், அவரே சொல்லிவிட்டார், இனி நான் எழுந்து ஆமாம் என்றால் போதும். அதிகாரி கோப்பைப் புரட்டினார். கெட்ட மனிதர் இல்லை, தாளில் இருப்பதைக் கேட்டார். "ஆனா, ஆய்வறிக்கையில நாலு சதவீதம்னு இருக்கே. மேடை வர்றதுக்கு முந்தி எடுத்த கணக்கு. ஆய்வாளர் மங்கையர்க்கரசி கீழ இறங்கி எடுத்தது. படகு உங்களுதுன்னுதான் போட்டிருக்கு?" சூசைராயன் திரும்பி இவளைப் பார்த்தார். முகத்தில் குழப்பம் இருந்தது, கோபம் இல்லை. கோபம் இருந்திருக்கலாமே என்று இவள் ஏங்கினாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அவங்களா எண்ணுனாங்க? அப்ப... நான் மேலருந்து பாக்குறவன்யா. கருப்பாத் தெரியிறது பூராத் தாழைன்னு நெனச்சுருப்பேன். அவங்க கீழ போயி கண்ணால பாத்தவங்க, படிச்சவங்க. தங்கச்சி நாலுன்னு சொல்லுச்சுன்னா நாலாத்தான் இருக்கும். நான் சொன்னத அடிச்சுருங்க." கூட்டத்தில் யாரோ ஓவென்று கத்தினார்கள், யாரோ சிரித்தார்கள். எழுத்தர் பேனாவால் ஒரு கோடு இழுப்பது மேடையில் தெரிந்தது.

எப்போது எழுந்தாள், எப்போது நடந்தாள், வரதராசன் சார் முந்தானையைப் பிடித்தாரா அல்லது அது நாற்காலியில் மாட்டியதா, ஒன்றும் தெரியவில்லை, இறக்கிவைத்த மைக் அவள் வாய்க்கு நேராக இருந்தது. அடிக்காதீங்க சார், என்றாள். அந்தக் கோட்ட அழிங்க. அவர் சொன்னதுதான் சரி. நான் எண்ணினது தப்பு. ஏழு இடத்துலயும் நான் ஒரு அடிகூட நீந்திப் போகலை சார், போனேன்னு பொய்யா எழுதினேன். கயித்தைப் பிடிச்சுக்கிட்டு கைக்கு எட்டினதை எண்ணினேன். எனக்குப் பயம். கலங்கல் தண்ணின்னா எனக்கு ரொம்பப் பயம். இரண்டாம் கட்ட இடத்துல தாழை உயிரோட இருக்கு, வேற யாரையாவது அனுப்பி எண்ணச் சொல்லுங்க, என்னை அனுப்பாதீங்க, என்றாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். "எழுத்துல குடுங்கம்மா. பதினஞ்சு நாளைக்குள்ள. பரிசீலனைக்கு அனுப்புறேன், நிறுத்துறதுக்கு எனக்கு அதிகாரம் இல்ல" என்றார். அவ்வளவுதான். பின்வரிசையிலிருந்து ஒரு பெண், எம்புள்ளைக சோத்துல மண்ணப் போட்டியேடி, என்று அடிவயிற்றிலிருந்து சொன்னாள், அவள் சொன்னது நியாயம். அரசி திரும்பினாள். சூசைராயன் தன் இடத்துக்குப் போகாமல் நடைபாதையிலேயே நின்றுகொண்டிருந்தார். நங்கூரத்தைப் பற்றி இவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் அந்தக் கயிற்றின் அடுத்த முனை எங்கே கிடந்தது என்று அவரைவிட யாருக்குத் தெரியும், அவர் உதடு ஏழு இடத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பது தெரிந்தது. கையெடுத்துக் கும்பிட வேண்டும் என்று நினைத்தாள், கை எழவில்லை. அவர் பக்கத்தில் வந்தார். திட்டப்போகிறார், திட்டட்டும், கடவுளே, திட்டட்டும்.

"பயமாருக்குன்னு சொல்லிருந்தா," என்றார், "நானும் கூடக் குதிச்சிருப்பேனே தங்கச்சி."